தும்மல், மூன்று இதழ்கள்

மூக்குப்பொடி அப்போது
எழுபதாயிரம் போய்க்கொண்டிருந்தது.
எழும்பூரில் ரயில் ஏறும் ஆம்பளைகள்
ஆன்மிக மாத இதழுக்குள் செருகி வாங்கினார்கள்.
‘வயது வந்தோர்க்கு மட்டும்’ என்று போட்டிருந்ததால்
வயது வராதவர்கள் இரண்டிரண்டாக வாங்கினார்கள்.

அதைப் பார்த்துப் பல்பொடி வந்தது.
மிளகாய்ப்பொடி வந்தது.
பருப்புப்பொடி என்று ஒன்று,
சமையல் புத்தகம் என்று நினைத்து
மாம்பலத்தில் நாலு பெண்கள் வாங்கிப்போய்
மூன்று பேர் திருப்பிக் கொடுத்தார்களாம்.

ராயப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த
ஆசீர்வாதம் சொன்னார்:
“பொடியெல்லாம் போட்டாச்சு.
அடுத்தது என்ன? தும்மல்தானே.”

நான் படம்.
மின்வாரியக் கிளார்க் சிங்காரவடிவேல் ஜோக்கு,
மிஸ் மேகலா என்ற பெயரில்.
மிஸ் மேகலாவுக்குத் திருத்தணியிலிருந்து
ஒரு கடிதம் வந்தது, உள்ளே பூப்போட்ட கைக்குட்டை.
அதைத்தான் அந்த வாரம் முழுக்க
பேன்ட் பையில் வைத்துக்கொண்டு
மீட்டர் புகார்களுக்குப் பதில் எழுதினார்.

மூக்குப்பொடியில் கண்டக்டர் கோணவாயன்.
எங்களுக்கு டிரைவர் தொங்குமீசை.
அதே பஸ், அதே படிக்கட்டு,
அதே பூக்காரி, குனிகிற அதே நேரம்.
அவர் விசில் ஊதும் இடத்தில்
இவர் ஹாரன் அடிப்பார்.
எங்கள் கற்பனை வளம் அவ்வளவுதான்.

ஆசீர்வாதம் என் தோளுக்குப் பின்னால் நிற்பார்.
“அவனாட்டம் தெரியக் கூடாது.”
கொஞ்ச நேரம் கழித்து,
“தெரியாமலும் போயிடக் கூடாது.”

அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டோம்:
மூக்குப்பொடியைவிடக் காரம்! எட்டணா குறைச்சல்!

முதல் இதழ் மூவாயிரம் போனது.
இரண்டாவது, ஆயிரத்துச் சொச்சம்.
மூன்றாவது, கட்டுப் பிரிக்காமலே
பாரிமுனையிலிருந்து மீன்பாடி வண்டியில் திரும்பி வந்தது.
நவம்பர் மழை.
மை ஊறி, டிரைவரின் மீசை
எதிர்ப்பக்கத்து நர்ஸின் முகத்தில் ஒட்டியிருந்தது.
நாங்கள் அச்சிட்டதில்
சொந்தமான ஜோக்கு அது ஒன்றுதான்.

காய்ந்த அட்டைகளை வெட்டிக்
கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளுக்கு
முட்டுக் கொடுத்தார் ஆசீர்வாதம்.
பெரம்பூரில் ஒரு மாப்பிள்ளை வீட்டார்
பாதிக் கட்டு பிரித்ததும் சண்டைக்கு வந்தார்கள்.
மீதிக் கட்டை வைத்துக்கொண்டார்கள்.

ஏழெட்டு வருஷம் கழிந்திருக்கும்.
பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில்
பழைய கைடுகளுக்கும் தையல் டிசைன்களுக்கும் நடுவே
ஒரு லண்டன் காமிக்ஸ், நாலு ரூபாய்.
புரட்டினேன்.
இரண்டு மாடி பஸ். கோண வாய். விசில்.
பூக்காரிக்குப் பதிலாக
மீன் வறுவல் பொட்டலத்தோடு ஒரு தடித்த அம்மா
குனிந்துகொண்டிருந்தாள்.

அடப்பாவி மூக்குப்பொடிக்காரா!
நடுரோட்டில் நின்று கத்தியே விட்டேன்.

அப்புறம்தான் அட்டையைப் பார்த்தேன்.
இன்னதைவிட அசிங்கம், இன்னதைவிட மலிவு
என்று இங்கிலீஷில், கொட்டை எழுத்தில்.
எதைவிட என்ற இடத்தில்
யாரோ டீ கிளாஸை வைத்து எடுத்திருந்தார்கள்;
பழுப்பு வளையத்துக்குள் அந்தப் பெயர் கரைந்திருந்தது.
கடைசிப் பக்கத்தில் சின்னக் கட்டம்:
தவிர்க்க முடியாத காரணங்களால்
இந்த மூன்றாவது இதழோடு...

அங்கேயும் மழை பெய்திருக்கும்.
அங்கேயும் ஒருத்தன் பிரஷ்ஷை நக்கிக் கூராக்கியபடி
இந்த வாயை எந்தப் பக்கம் கோணலாக்குவது என்று
யோசித்திருப்பான்.
அவன் தோளுக்குப் பின்னாலும்
ஒரு ஆசீர்வாதம் நின்றிருப்பார்.

ராயப்பேட்டைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன்.
கண்டக்டரை அவர் பார்க்கவில்லை.
தாளைக் கட்டைவிரலால் தேய்த்தார்,
விளக்குக்கு நேரே பிடித்தார்,
மூக்கருகே கொண்டுபோனார்.
“நல்ல பேப்பர்டா,” என்றார்.
“பாவம், நம்மளவிட நஷ்டப்பட்டிருக்கான்.”